மூன்றாவது சைக்கிள்

எங்கள் பாய்மரப் படகில் சைக்கிள் விஷயத்தில் ஒரு சட்டம் இருந்தது. போட்டவன் நான். அதை மீறுவதற்குப் படகில் இருந்த ஒரே ஆள் என் மனைவி மெல்போ. அவள் மீறமாட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

படகிலேயே குடியிருப்பவனுக்குச் சைக்கிள் இல்லாமல் ஆகாது. பிரெவெசா படகுத்துறையிலிருந்து ரொட்டிக் கடை ஒரு கோடி, சமையல் எரிவாயு விற்பவன் இன்னொரு கோடி. எல்லாவற்றையும் தலையில் சுமந்து நடக்க முடியுமா? ஆனால் கடல் காற்றுக்குச் சைக்கிளைக் கண்டால் ஆகாது. ஒரு வாரம் திரும்பிப் பார்க்காமல் விட்டால் சங்கிலி இறுகிவிடும், பிரேக் கம்பி அறுந்துபோகும், வெள்ளைத் தளத்தில் செம்பழுப்பாகக் கறை வழியும். அந்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்து என் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். ஆகவே சட்டம் போட்டேன். எங்கள் படகு 'பெர்திகா'வில் இரண்டு சைக்கிள்தான். இரண்டும் மடக்கு சைக்கிள், இரண்டும் அலுமினியம். இரும்பு என்ற பேச்சே கூடாது. கடலில் போய் வந்தால் நல்ல தண்ணீரில் ஒரு குவளை ஊற்றிக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, சங்கிலிக்கு என் டப்பாவிலிருந்து எண்ணெய் விட்டு, பழைய பாய்த்துணியில் நானே தைத்த பைக்குள் போட்டுப் பின்பக்கப் பெட்டியில் வைக்க வேண்டும்.

மெல்போவுக்கு அந்தச் சின்னச் சக்கர வண்டியைப் பிடிக்கவே பிடிக்காது. அதில் உட்கார்ந்தால் தான் சர்க்கஸ் கரடி மாதிரி இருப்பதாகவும், காலை எத்தனை சுற்று சுற்றினாலும் நிக்கோபோலிஸ் போகும் மேட்டில் பாதி வழியில் இறங்கித் தள்ள வேண்டியிருப்பதாகவும் சொல்லுவாள். பெரிய சக்கரம் வைத்த வண்டி ஒன்று வாங்கித் தரச் சொல்லிப் பலமுறை கேட்டாள். சட்டத்தை எடுத்துச் சொன்னேன். இரும்பு ஏறினால் நான் இறங்கிவிடுவேன் என்றுகூடச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கல்யாணம் ஆன எவனும் அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பான். எனக்கு அந்த அளவுக்குப் புத்தி கிடையாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் லாம்ப்ரோஸ். பிரெவெசாவுக்கும் எதிர்க்கரை அக்தியோவுக்கும் நடுவே கார்களை ஏற்றிக்கொண்டு போன பெரிய படகில் சுக்கான் பிடித்தவன். கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை போட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பும் வரை தினமும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கோடு கிழித்தவன். நேராகப் போவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை, அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. கைபேசியில் வழிகாட்டும் படம் வந்துவிட்டது என்பார்கள். அதைப் பார்த்துப் படகு ஓட்டுவது பக்கத்து வீட்டுக்காரி சோறு ஊட்டிவிடுவது போல என்று நான் சொல்லுவேன். எனக்குத் திசைகாட்டி போதும். சுக்கான் கட்டையைப் பிடித்து உட்கார்ந்தால் கண்ணெதிரே, கீழே அறைக்கு இறங்கும் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் அது பதிந்திருக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மெல்போவின் கோட்டு அலமாரி. அதைத் திறந்தால் பூச்சி உருண்டை நாற்றம் மூக்கைப் பிய்க்கும், அதனால் நான் திறப்பதே இல்லை.

திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு திருகாணி கிடந்தாலும் நான் ஆடித் தீர்த்துவிடுவேன். இரும்போ காந்தமோ கிட்டே வந்தால் அது பொய் சொல்லும், பொய் சொல்லும் திசைகாட்டியை நம்பிப் போனவன் பாறையில்தான் இறங்குவான். விருந்தாளிகளின் சாவிக்கொத்தை வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் உட்காரச் சொல்லுவேன்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் அந்த இலையுதிர் காலத்தில் கை கோணியது.

முதல் தடவை லெஃப்காதா கால்வாய்க்குப் போனபோது. பனிமூட்டம், கரை தெரியவில்லை. திசைகாட்டியை வைத்துத் தெற்கே பிடித்தேன், நூற்றுக்கணக்கான தடவை போன வழி. கால்வாய் வாயில் இருக்க வேண்டிய இடத்தில் மணற்கரை வந்து நின்றது. படகின் அடி மணலில் உரசும் சத்தம் கேட்டது. எப்படியோ பின்வாங்கித் தப்பித்தோம். நீரோட்டம் இழுத்துவிட்டது என்றேன். மறுநாள் அதைக் கேள்விப்பட்ட ஸ்டாத்திஸ், பக்கத்தில் படகு கட்டியிருக்கும் இறால்காரன், வலையைத் தைத்தபடியே தலையைத் தூக்காமல் கேட்டான்:

"கேப்டன், லெஃப்காதா இடம் மாறிடுச்சாமே? முந்தா நாள் வரைக்கும் அங்கேயேதான இருந்துச்சு?"

அடுத்தது பாக்ஸோஸ் தீவு. மெல்போவின் அண்ணனுடைய பெயர்நாள் விருந்து, அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள். நான் போய்ச் சேர்ந்தது பக்கத்தில் இருக்கும் குட்டித் தீவில். விருந்துக்குப் போகும்போது ஆட்டுக்கறி ஆறிப்போயிருந்தது, மைத்துனன் முகம் மட்டும் சூடாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம். கைபேசியை ரகசியமாக எடுத்துப் பார்த்தேன். படகு நான் பிடித்த திசையில் போகவில்லை. திசைகாட்டியைச் சுற்றி ஒரு ஊசி விடாமல் பொறுக்கி எடுத்தேன். மெல்போ காதில் போட்டிருந்த தோட்டைக் கழற்றச் சொல்லிக் கத்தினேன். அவள் கழற்றிக் கொடுத்தாள், என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். திசைகாட்டியிடம் குற்றம் இல்லை என்றால் பிடித்த கையிடம்தான் குற்றம். வேறு என்ன நினைப்பது?

கை மட்டும் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தலையும் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள் எண்ணெய் டப்பாவை நிரப்பி வைத்த ஞாபகம் இருக்கும். எடுத்தால் பாதி காலி. கழுவுவதற்கென்று மடித்து வைத்த துணிகள் குறைந்துகொண்டே வரும். நல்ல தண்ணீர்த் தொட்டி சீக்கிரமாகவே வறண்டுவிடும். ஒரு நாள் என் ஸ்பானர், அதற்கென்று நான் வரைந்து வைத்த இடத்தில் தலைகீழாகத் தொங்கியது. நான் எதையும் தலைகீழாக மாட்டுகிறவன் இல்லை. என் மாமா ஒருவர் கடைசிக் காலத்தில் ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப அஞ்சலில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவருடைய முகமே கண்ணில் நின்றது. இதை மட்டும் நான் மெல்போவிடம் சொல்லவில்லை. கை கோணுகிறது என்று சொல்லலாம். மூளை கழன்றுவிட்டது என்று எந்தப் புருஷன் வாயைத் திறந்து சொல்வான்?

கண் டாக்டர் என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றார். மனசு நோகக் கூடாதென்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன்.

குளிர் முடிந்து சாப்பாட்டு மேசையை வெளியே போட ஆரம்பித்த ஒரு மத்தியானம், மத்தி மீன் வறுவலுக்கு முன்னால் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"மெல்போ, படகை வித்துடலாம். என் கை போயிடுச்சு. அடுத்த தடவை மணல்ல உரசாது, பாறையிலதான் மோதும். உன்னையும் சேர்த்து மூழ்கடிக்க எனக்கு மனசில்ல."

அவள் ஒரு மீனின் முள்ளை வெகுநேரம் எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"ஃபிளாட்டுல எனக்குத் தூக்கம் வராது, லாம்ப்ரோஸ். அங்க தரை ஆடாது."

அவ்வளவுதான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவும்போது மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அந்தப் படகில் கிடைத்தது போன்ற சந்தோஷம் வேறெங்கும் கிடைத்ததில்லை. அவளுக்கும் அப்படித்தான் என்று அன்றைக்குத்தான் உறுதியாகத் தெரிந்தது. ஸ்டாத்திஸ் இறால் பெட்டியின் மூடி ஒன்றைக் கொடுத்தான், கேலி எதுவும் பண்ணாமல் கொடுத்தான். அதில் 'விற்பனைக்கு' என்று எழுதி முன்பக்கக் கைப்பிடிக் கம்பியில் மெல்லிய கம்பியால் கட்டினேன்.

வந்தவள் யானினா நகரத்துப் பல் டாக்டர், பெயர் உரானியா. குட்டையான, சுறுசுறுப்பான பெண்மணி. தொழில் புத்தி விடவில்லை, எதையும் திறந்து உள்ளே பார்க்காமல் நம்பமாட்டாள். அவள் வரும் காலையில் மெல்போ என்னைக் கீரைப் பணியாரம் வாங்கக் கடைக்கு விரட்டினாள். பக்கத்துக் கடையில் வேண்டாம், கோட்டைக்குப் பின்னால் இருக்கும் கடையில்தான் வேண்டும் என்றாள். போய்விட்டு வந்தபோது அவள் கன்னம் சிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அறை பெருக்கினேன் என்றாள்.

உரானியா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள். கோட்டு அலமாரியைத் திறந்து, பூச்சி உருண்டை நாற்றத்துக்கு ஒரு தும்மல் போட்டு மூடினாள். முன்னறைக்குப் போகப் பார்த்தபோது மட்டும் மெல்போ குறுக்கே நின்றாள். அங்கே ஈரப் பாய்கள் கிடக்கின்றன, அப்புறம் பார்க்கலாம், காற்று நன்றாக இருக்கிறது, முதலில் ஓட்டிப் பாருங்கள் என்றாள்.

வெளியே போனோம். அன்றைக்கும் பனிமூட்டம். மெல்லத் திறக்கும் கடல், காது ஓரமாகக் காற்று, பாய் நிறைந்து நின்றது. உரானியா லெஃப்காதா கால்வாய் வரை போகலாமா என்று கேட்டாள். வேறு வழியில்லை, தெற்கே பிடித்தேன். கரை மறைந்தது. நான் திசைகாட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, மணல் உரசும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

பனி கிழிந்தபோது கால்வாய் வாயின் மிதவை நேர் எதிரே நின்றது. ஒரு கை அகலம் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

உரானியா கைதட்டினாள். இப்படி ஒரு கை உங்களுக்கு இருக்கும்போது எதற்காக விற்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரு நாள் நேராகப் போனதை நம்பி ஏமாறக் கூடாது, கிளம்புகிற நாளில் பிள்ளைகள் ஒழுங்காக நடந்துகொள்வதில்லையா, படகும் அப்படித்தான் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். திரும்பும்போதும் கோடு கிழித்தது போல வந்தோம். மெல்போ முன்பக்கம் போய் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறையில் வழக்கம்போல மூக்கு கிழக்கே பார்க்கக் கட்டினோம். சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி ஊற்றினேன். உரானியாவுக்குப் படகு பிடித்துவிட்டது. பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டோம். முன்னறை ஒன்றுதான் பாக்கி, அதையும் பார்த்துவிட்டுக் கை குலுக்கிவிடலாம் என்றாள்.

"ஒரு நிமிஷம் இருங்க, கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மெல்போ கீழே ஓடினாள். கீழே எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு 'டங்' என்று ஒரு இடி, அவள் வாய்க்குள் ஒரு வசவு.

உரானியா அதற்குள் மனசு மாறி, முன்னறை கிடக்கட்டும் என்று கையை நீட்டிவிட்டாள். நானும் நீட்டினேன். நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திசைகாட்டியைப் பார்த்தேன்.

கிழக்கைக் காட்டிக்கொண்டிருந்த திசைத்தட்டு மெல்ல நகர்ந்தது. தென்கிழக்கு வரை போனது. நின்றது. கீழே இன்னொரு 'டங்'. தட்டு கிழக்கே திரும்பி, மறுபடியும் தென்கிழக்கே போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

கயிறு நான்கும் இறுக்கிக் கட்டிய படகு. ஸ்டாத்திஸ் பக்கத்தில் இறால் பொறுக்கிக்கொண்டிருக்கிறான், ரொட்டிக் கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் மட்டும் திசை திரும்பிவிட்டேன் என்கிறது என் திசைகாட்டி. கட்டிக்கிடக்கும் படகில் திசைகாட்டியை எவன் பார்ப்பான்? இத்தனை மாதத்தில் நான் பார்த்ததில்லை. நீட்டிய கையை உரானியா முன்னால் அந்தரத்தில் விட்டுவிட்டுக் கீழே குதித்தேன்.

கோட்டு அலமாரி திறந்திருந்தது. மெல்போ கோட்டுகளுக்கு நடுவில், தலையில் ஒரு கம்பளிக் கை தொங்க, ஒரு பெரிய இரும்புச் சைக்கிளின் உடம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். சக்கரங்களைக் கழற்றியிருந்தாள். பச்சை நிறம், தபால்காரர்கள் ஓட்டும் அந்தக் காலத்து வண்டி. முன் கவையில் விளக்குக்கான டைனமோ, குட்டிப் பாட்டில் மாதிரி. அது சுவரில் இடித்துக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் என் திசைகாட்டி.

டைனமோவுக்குள் இருப்பது முழுக் காந்தம். நான் அவளுடைய தோட்டைக் கழற்றச் சொன்னவன்.

"கத்தாதே" என்றாள் மெல்போ. "டாக்டரம்மா போன அப்புறம் கத்து. ஆர்த்தாவுல வாங்கினது. நீ சீட்டாடப் போற நேரத்துல ஓட்டுவேன். ஸ்டாத்திஸ் கொட்டகையில வெச்சிருந்தேன், அங்க கூரை ஒழுக ஆரம்பிச்சுது, அதான் இங்க கொண்டாந்தேன். டாக்டரம்மா கண்ணுல படக் கூடாதுன்னு காலையில முன்னறைக்கு மாத்தினேன், இப்ப அங்கயும் பாக்கணும்னாங்களே, அதான் திரும்ப இங்க. ஒரு பொட்டு துரு வந்திருக்கா பாரு. உன்னைவிட நல்லாத்தான் பாத்துக்கிறேன்."

"எப்பேர்ந்து இங்க இருக்கு?"

"இலை கொட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து."

சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் எண்ணெய் ஒட்டியது.

"எண்ணெய் டப்பா?"

"நான்தான்."

"அந்தத் துணியெல்லாம்?"

"நான்தான். தோய்ச்சு வெச்சிருக்கேன்."

"தண்ணித் தொட்டி?"

"நீதான சொன்ன, நல்ல தண்ணியில கழுவணும்னு."

"ஸ்பானரைத் தலைகீழா மாட்டினது?"

"அதுல தலை எது, கால் எதுன்னு எனக்கென்ன தெரியும்? நான்தான்."

ஒவ்வொரு பதிலுக்கும் எனக்கு ஒரு வயது குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மெல்போ பயந்துபோய்ச் சைக்கிளை விட்டாள், அது என் காலில் விழுந்தது. வலித்தது. நன்றாக வலித்தது, அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. டைனமோவையும் சுவரையும் காட்டி விஷயத்தைச் சொன்னேன். எண்ணெய் டப்பாவைப் பார்த்து நான் பயந்த கதையையும் சொன்னேன். அவள் முகம் வெளிறியது.

"அப்போ உன் கை?"

"கைக்கு ஒண்ணும் ஆகல."

"தலை?"

"அது எப்பவும் போலத்தான்."

அவள் என் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கிரீஸ் கறை இரண்டு பேர் மேலும் ஒட்டியது. "முட்டாள்" என்றாள். "என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே ஒத்துக்கிட்டிருப்பேன். ஒரு சைக்கிளுக்காகப் படகையே வித்திருப்போம்."

மேலிருந்து உரானியா எட்டிப் பார்த்தாள். நீட்டிய கையில் இப்போது கீரைப் பணியாரம் இருந்தது. படகு விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால் கதை முழுவதையும் கேட்டுப் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ வாயைத் திறந்து பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு சொத்தையைப் பார்த்ததில்லை என்றாள். போகும்போது அந்தப் பச்சை வண்டியையாவது கொடுப்பீர்களா என்று ஆரம்பித்தாள், அவள் கேட்டு முடிப்பதற்குள் மெல்போ மாட்டேன் என்றாள்.

முன்பக்கம் போய் இறால் பெட்டி மூடியை அவிழ்த்தேன். ஸ்டாத்திஸ் அவன் படகிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கொட்டகை ரகசியம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த பயல்.

"என்ன கேப்டன், வித்தாச்சா?"

"உன் கூரையைச் சரி பண்ணித் தொலைடா" என்றேன்.

மூடியைக் கட்டிய அதே கம்பியால் மெல்போவின் சைக்கிளை முன்பக்கக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். டைனமோவைக் கழற்றி நங்கூரச் சங்கிலி கிடக்கும் குழியில் போட்டேன். திசைகாட்டிக்கும் அதற்கும் நடுவில் இப்போது படகு முழுவதும் இருக்கிறது. பழைய பாய் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, வண்டியை அளந்து அதற்கும் ஒரு பை தைக்க உட்கார்ந்தேன். சட்டம் என்ன ஆச்சு என்று மெல்போ கேட்டாள். சட்டத்தைப் போட்டவனுக்கு மறதி வந்துவிட்டது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக நிக்கோபோலிஸ் மேட்டுக்குப் போனோம். அவள் பச்சை வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஏறிப் போனாள். நான் சர்க்கஸ் கரடி மாதிரி சின்னச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். பாதி மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது, இறங்கித் தள்ளலாமா என்று யோசித்தேன். அவள் உச்சியில் ஒரு காலை ஊன்றி நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வா வா, லாம்ப்ரோஸ்" என்று கூப்பிட்டாள். "கோணாம நேராத்தான் வர்றே."

நான் இறங்கவில்லை.